பொதுப் பட்டியலில் மாநிலச் சட்டம் எப்போது செல்லும்?

இந்திய அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணை, சட்டம் இயற்றும் அதிகாரத்தை ஒன்றியப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல் என மூன்றாகப் பகுக்கிறது. நாடாளுமன்றமும் சட்டமன்றமும் ஒரே பொருள் குறித்துச் சட்டம் இயற்றலாம் என்பதால், பெரும்பாலான மோதல்கள் பொதுப் பட்டியலில்தான் எழுகின்றன. கல்வியும் காடுகளும் 1976-ஆம் ஆண்டின் 42-ஆவது திருத்தம் வரை மாநிலப் பட்டியலில் இருந்தவை என்பதை இங்கே நினைவில் கொள்வது நல்லது.

இரண்டு சட்டங்கள் முரண்பட்டால் 254-ஆவது பிரிவின்படி ஒன்றியச் சட்டமே செல்லும். எது முதலில் இயற்றப்பட்டது என்பது பொருட்டன்று. ஆனால், முன்பே உள்ள ஒன்றியச் சட்டத்துக்கு முரணான மாநில மசோதாவை ஆளுநர் குடியரசுத் தலைவருக்கு அனுப்பி, அவர் ஒப்புதலும் அளித்துவிட்டால், அந்த மாநிலத்துக்குள் மட்டும் மாநிலச் சட்டம் மேலோங்கும்.

ஜல்லிக்கட்டு வழக்கு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. விலங்கு வதைத் தடுப்பு பொதுப் பட்டியலைச் சேர்ந்தது. தமிழ்நாடு 2009-இல் இயற்றிய ஜல்லிக்கட்டு ஒழுங்குமுறைச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெறப்படவில்லை. அது 1960-ஆம் ஆண்டின் ஒன்றியச் சட்டத்துக்கு முரணானது என்று கூறி உச்ச நீதிமன்றம் 2014 மே 7 அன்று செல்லாததாக்கியது. 2017 ஜனவரியில், மெரினா போராட்டத்தின் சூட்டில், அந்த ஒன்றியச் சட்டத்தையே தமிழ்நாட்டளவில் திருத்தும் மசோதா 23-ஆம் தேதி நிறைவேறி, 31-ஆம் தேதியே ஒப்புதல் பெற்றது. அச்சட்டத்தை 2023 மே 18 அன்று அரசியல் சாசன அமர்வு உறுதி செய்தது.

எல்லா மசோதாவுக்கும் இந்த வேகம் வாய்ப்பதில்லை. தொழிற்கல்விக்கான நுழைவுத் தேர்வை நீக்கிய 2006-ஆம் ஆண்டுச் சட்டம் ஒப்புதல் பெற்று நடைமுறைக்கு வந்தது. நீட் தேர்விலிருந்து விலக்குக் கோரி 2017-இல் நிறைவேறிய மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைக்கவில்லை. 2021-இல் நிறைவேறிய மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்ப, சட்டமன்றம் 2022 பிப்ரவரியில் மீண்டும் நிறைவேற்றியது. அதற்கும் ஒப்புதல் மறுக்கப்பட்டதாக 2025 ஏப்ரலில் பேரவையில் அறிவிக்கப்பட்டது.

குடியரசுத் தலைவர் ஒன்றிய அமைச்சரவையின் ஆலோசனைப்படியே நடப்பவர் என்பதால், விலக்குத் தருவதா இல்லையா என்பதை உண்மையில் முடிவு செய்வது ஒன்றிய அரசுதான். அவர் எத்தனை நாளுக்குள் முடிவெடுக்க வேண்டும் என்று 201-ஆவது பிரிவு வரையறுக்கவில்லை. ஒப்புதல் கிடைத்த பிறகும், அதே பொருளில் புதிதாக ஒரு சட்டம் இயற்றி மாநிலச் சட்டத்தை மாற்றவோ நீக்கவோ நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

ஒரு தமிழ்நாட்டுச் சட்டம் இந்த ஒப்புதலைப் பெற்றதா என்பதை அறிய, அரசிதழில் அதன் தலைப்பில் உள்ள குறிப்பைப் பார்த்தால் போதும். ஒப்புதல் அளித்தவர் ஆளுநரா, குடியரசுத் தலைவரா என்பது தேதியோடு அங்கே அச்சிடப்பட்டிருக்கும்.