அயலார் அழைத்த பெயரே நாட்டின் பெயராகிறது

பின்லாந்து மக்கள் தங்கள் மொழியில் ஸ்வீடன் நாட்டை ‘ருவோட்சி’ என்று அழைக்கிறார்கள். ‘ரஷ்யா’ என்னும் பெயரும் இதே சொல்லின் வழியாகப் பிறந்ததுதான் என்பது மொழியியலாளர்களில் பெரும்பாலானோரின் கருத்து. பால்டிக் கடலைக் கடந்து துடுப்புப் படகுகளில் வந்த ஸ்காண்டிநேவியர்கள், துடுப்பு வலித்தலைக் குறிக்கும் ஒரு சொல்லால் அறியப்பட்டார்கள். பின்னிய மொழி பேசியவர்கள் அதைத் தம் நாவுக்கேற்ப ‘ருவோட்சி’ ஆக்கினார்கள். அவர்களிடமிருந்து அதைப் பெற்ற ஸ்லாவியர்கள் ‘ரூஸ்’ என்றார்கள். பின்னர் கீவ் நகரிலிருந்து ஆண்ட அரச குலத்துக்கு அந்தப் பெயர் நிலைத்தது. அங்கிருந்து அவர்கள் ஆண்ட நிலத்துக்கும், அந்நிலத்தின் மக்களுக்கும் பரவியது. வந்து சேர்ந்தவர்கள் சில தலைமுறைகளுக்குள் தம் மொழியை விட்டு ஸ்லாவிய மொழிக்கு மாறிவிட்டார்கள். அவர்கள் கொண்டுவந்த பெயர் இன்றும் ரஷ்யா, பெலாரஸ் என்னும் இரு நாடுகளின் பெயர்களில் இருக்கிறது.

ஒரு நாட்டின் பெயர் அந்நாட்டு மக்கள் கூடிப் பேசி வைத்ததாக இருக்கும் என்று நாம் இயல்பாகவே எண்ணிக்கொள்கிறோம். உண்மையில், உலகம் அறிந்த நாட்டுப் பெயர்களில் மிகப் பல, அந்த நிலத்துக்கு வெளியே நின்று அதைப் பார்த்தவர்கள் சொன்னவை. எந்தத் திசையிலிருந்து வந்தார்கள், முதலில் யாரைச் சந்தித்தார்கள், எந்த ஆற்றைக் கடந்தார்கள் என்பதைப் பொறுத்தே பெயர் அமைந்தது. மக்கள் தம் நாட்டைத் தாமே அழைக்கும் பெயரைத் தன்பெயர் என்றும், அயலார் அழைப்பதைப் புறப்பெயர் என்றும் வைத்துக்கொண்டால், இவ்விரண்டுக்கும் இடையிலான தூரத்தில் பழைய வணிகப் பாதைகளையும் படையெடுப்புகளையும் நாம் படித்தறியலாம்.

பெயர் ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குப் போகும்போது என்ன நேர்கிறது என்பதற்கு ‘இந்தியா’ நல்ல சான்று. சிந்து என்னும் ஆற்றின் பெயர் முதலில் மேற்கே பாரசீகத்துக்குச் சென்றது. பழைய ஈரானிய மொழிகளில், சமஸ்கிருதத்தின் சொல்முதல் ‘ச’கர ஒலிக்கு நேராகப் பெரும்பாலும் ‘ஹ’கரம் வரும், சமஸ்கிருதத்தில் ஏழைக் குறிக்கும் ‘சப்த’ அங்கே ‘ஹப்த’ ஆகவும், ‘சோம’ என்பது ‘ஹவோம’ ஆகவும் இருப்பதைக் காணலாம். இந்த ஒழுங்குப்படி சிந்து ‘ஹிந்து’ ஆயிற்று. பேரரசன் தாரயவௌஷின் கல்வெட்டுகளில் அவனுக்குக் கீழ்ப்பட்ட மாநிலங்களுள் ஒன்றாக அப்பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. பாரசீகரிடமிருந்து அதைக் கேட்டவர்கள், சொல்லின் முதலில் வரும் ‘ஹ’கரத்தை இழந்துவிட்ட அயோனியக் கிளைமொழி பேசிய கிரேக்கர்கள். அவர்கள் வாயில் ஆறு ‘இந்தோஸ்’ ஆனது. லத்தீன் வழியாக ‘இந்தியா’ ஐரோப்பா முழுவதும் பரவியது. இத்தனை மாற்றங்களில் ஒன்றுகூட யாரும் திட்டமிட்டுச் செய்ததன்று. ஒவ்வொரு மொழியும் தன் ஒலி இயல்புக்கு ஏற்பச் சொல்லைச் செதுக்கிக்கொண்டது, அவ்வளவுதான். பெயரைத் தந்த அந்த ஆற்றின் பெரும்பகுதி 1947க்குப் பிறகு பாகிஸ்தானில் ஓடுகிறது.

அதே அயோனியா நமக்கு வேறொரு பெயரையும் தந்திருக்கிறது. கிரேக்கர்கள் தம் நாட்டை ‘எல்லாஸ்’ என்கிறார்கள். இத்தாலியிலிருந்த ரோமானியர்கள் தாம் அறிந்த ஒரு கிரேக்கக் குழுவின் பெயரால் எல்லோரையும் ‘கிரைக்கி’ என்றழைக்க, மேற்கு ஐரோப்பாவுக்கு அது ‘கிரீஸ்’ ஆனது. கிழக்கிலிருந்து பார்த்தவர்களுக்கோ முதலில் தென்பட்டவர்கள் இன்றைய துருக்கியின் மேற்குக் கரையில் வாழ்ந்த அயோனியர்கள். ஆகவே பாரசீகத்திலும் அரபியிலும் அந்த நாடு ‘யூனான்’. சங்கப் பாடல்களில் வரும் ‘யவனர்’ என்ற சொல்லும் அந்த வேரிலிருந்தே வந்தது. ஒரே நாட்டை மேற்கிலிருந்து கண்டால் ஒரு பெயர், கிழக்கிலிருந்து கண்டால் வேறு பெயர்.

ஜெர்மனியின் கதை இன்னும் சிக்கலானது. பிரெஞ்சுக்காரர்கள் தம் எல்லையை ஒட்டி வாழ்ந்த அலமன்னி குலத்தின் பெயரால் அதை ‘அல்மாஞ்’ என்றார்கள். பின்லாந்தினர் சாக்சன் குலத்தின் பெயரால் ‘சக்சா’ என்கிறார்கள். ஜெர்மானியர்களின் தன்பெயரான ‘டாய்ச்லாந்து’ என்பதிலுள்ள ‘டாய்ச்’ என்பதற்கு அடிப்படைப் பொருள் ‘மக்களுடைய’ என்பதே. கற்றோரின் லத்தீனுக்கு எதிராக, பொதுமக்கள் பேசிய மொழியைச் சுட்டப் பிறந்த சொல் அது. போலந்தினர் வைத்த பெயர் ‘நியெம்ட்சி’. ஊமை என்று பொருள்படும் ஸ்லாவியச் சொல்லிலிருந்து அது வந்தது. தம் பேச்சு புரியாதவர்களை வாய் பேசாதவர்களாகக் கண்ட பார்வை அதில் உறைந்திருக்கிறது. அந்தச் சொல் துருக்கியர்களின் கைக்குப் போய், அவர்களிடமிருந்து அரபிக்குச் சென்று, இன்று அரபியில் ‘அந்நிம்சா’ என்று ஆஸ்திரியாவைக் குறிக்கிறது.

வேல்ஸ் நாட்டிலும் இந்த இருமுகத்தைக் காண்கிறோம். ‘வேல்ஸ்’ என்பது ஆங்கில மொழியின் மூதாதையர் அந்நியரைக் குறிக்கப் பயன்படுத்திய சொல். அந்நாட்டு மக்கள் தம்மை அழைத்துக்கொள்ளும் ‘கம்ரி’ என்பதற்கோ ‘ஒரே நாட்டவர்’ என்று பொருள். தன்பெயர்களில் பலவும் ‘மக்கள்’, ‘நம்மவர்’ என்பதற்கு மேல் எதையும் சொல்வதில்லை. தமக்குள்ளேயே வாழ்கிறவர்களுக்குத் தனிப் பெயரின் தேவை குறைவு. வேறொருவரை எதிர்கொள்ளும்போதுதான் பெயர் வேண்டியிருக்கிறது என்பதே இதற்குக் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

பகுதிக்குரிய பெயர் முழுமைக்கும் ஆகிவருவதும் பரவலாக நிகழ்ந்திருக்கிறது. மெம்பிஸ் நகரில் இருந்த தா என்னும் கடவுளின் கோயிற்பெயர் கிரேக்கர் வாயில் ‘ஐகுப்தோஸ்’ ஆகி, நாடு முழுவதற்கும் எகிப்து என்ற பெயரைத் தந்தது. எகிப்தியர்களோ நைல் படிய வைத்த வண்டலை எண்ணித் தம் நாட்டைக் கருநிலம் என்னும் பொருளில் ‘கெமெத்’ என்றார்கள். 1535 இல் ஜாக் கார்ட்டியே என்னும் பிரெஞ்சு மாலுமிக்கு, இன்றைய கியூபெக் நகரம் இருக்கும் இடத்திலிருந்த ஊருக்கு வழிகாட்டிய பழங்குடி இளைஞர்கள் அதை ‘கனாட்டா’ என்றார்கள். அவர்கள் மொழியில் அச்சொல்லுக்கு ஊர், குடியிருப்பு என்றுதான் பொருள். அவர் அதை அப்பகுதி முழுவதற்கும் உரிய பெயராக எழுதிவைத்தார். இன்று பரப்பளவில் உலகின் இரண்டாவது பெரிய நாட்டின் பெயர் அது.

கடலோடிகள் வைத்த பெயர்களில் பெரும்பாலும் அவர்கள் நாடிச் சென்ற பொருளோ, கண்ணில் பட்ட காட்சியோதான் இருக்கும். 15ஆம் நூற்றாண்டில் மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் ஓர் ஆற்றின் முகத்துவாரத்தில் இறால்கள் மொய்த்திருப்பதைக் கண்ட போர்த்துகீசியர்கள் அதற்கு ‘இறால் ஆறு’ என்று தம் மொழியில் பெயரிட்டார்கள். கேமரூன் என்ற நாட்டின் பெயர் அதுதான். 1500 இல் தென் அமெரிக்காவில் கரையேறிய போர்த்துகீசியர்கள் அந்த நிலத்துக்கு முதலில் ‘மெய்ச்சிலுவைத் தீவு’ என்று சமயப் பெயர் சூட்டினார்கள். ஆனால், அங்கிருந்து கப்பல் கப்பலாகச் சென்றது சிவப்புச் சாயம் தரும் மரம். ஆசியாவிலிருந்து வந்த இதேபோன்ற சாய மரத்துக்கு அதற்கு முன்பே ஐரோப்பாவில் ‘பிரசில்’ என்று பெயர் இருந்தது. சமயம் சூட்டிய பெயரை வணிகர்கள் பேசிய பெயர் வென்றது.

ஆட்களின் பெயரால் அமைந்த நாடுகளும் உண்டு. பொலிவியாவுக்கு சிமோன் பொலிவார், பிலிப்பைன்ஸுக்கு ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப், சவூதி அரேபியாவுக்கு ஆளும் சவூத் குலம் என்று இவற்றுக்கு விளக்கம் எளிது.

இவற்றைவிட என்னை ஈர்ப்பவை 20ஆம் நூற்றாண்டில் விடுதலை பெற்ற ஆப்பிரிக்க நாடுகள் தாமே தேர்ந்துகொண்ட பெயர்கள். ‘தங்கக் கடற்கரை’ என்ற குடியேற்றப் பெயரை 1957 இல் களைந்த நாடு, பழைய பேரரசு ஒன்றை நினைவுகூர்ந்து ‘கானா’ என்று பெயர் சூட்டிக்கொண்டது. அந்தப் பேரரசு இருந்த இடமோ நெடுந்தொலைவு வடமேற்கே, இன்றைய மாலியிலும் மொரிட்டானியாவிலும். அவ்வாறே 1975 இல் தகோமே ‘பெனின்’ ஆனது. பழைய பெனின் அரசு இன்றைய நைஜீரியாவுக்குள் இருந்தது. இதைப் பிழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குடியேற்றக் காலத்துப் பெயரை உதறும் மக்கள், தம் கண்டத்தின் பெருமைக்குரிய ஒரு பெயரைத் தேடி எடுத்தார்கள். 1984 இல் மேல் வோல்ட்டா என்ற பெயரை மாற்றிய தாமஸ் சங்காரா அரசு மேலும் நுட்பமாக நடந்தது: ‘புர்கினா’ என்ற சொல்லை மோரே மொழியிலிருந்தும், ‘பாசோ’ என்ற சொல்லைத் தியூலா மொழியிலிருந்தும் எடுத்து, ‘நேர்மையான மக்களின் நாடு’ என்று பொருள்படச் சேர்த்தது, குடிமக்களைக் குறிக்கும் விகுதியை மூன்றாவதாக புலா மொழியிலிருந்து பெற்றது. ஒரே மொழியிலிருந்து பெயரெடுத்தால் பிற மொழியினர் விலகி நிற்கக்கூடும் என்ற நிலையில் இது அரிய தீர்வு.

தன்பெயரையே உலகமும் சொல்ல வேண்டும் என்ற கோரிக்கை அண்மைக் காலத்தில் வலுத்துள்ளது. 1935 இல் பாரசீகம், தன்னை ஈரான் என்றே அழைக்குமாறு வெளிநாடுகளைக் கேட்டுக்கொண்டது. சுவாசிலாந்து 2018 இல் எஸ்வாத்தினி ஆனது. 2022 இல் ஐ.நா. அவை துருக்கியின் பெயரைத் துருக்கிய மொழியில் உள்ளவாறு ‘துர்க்கியே’ என்று ஏற்றது. கோட் திவார் முன்வைத்த கோரிக்கை வேறுபட்டது. தந்தக் கடற்கரை என்று பொருள்படும் அதன் பிரெஞ்சுப் பெயரை ஒவ்வொரு மொழியினரும் தத்தம் மொழியில் பெயர்த்துச் சொல்லிவந்தார்கள். இனிப் பெயர்க்காமல் அப்படியே சொல்ல வேண்டும் என்று 1980களின் நடுவில் அந்நாட்டு அரசு கேட்டுக்கொண்டது.

சில நேரங்களில் தன்பெயர் திரும்பிவரும்போது ஒரு மொழியில் எதையும் மாற்ற வேண்டியிருப்பதில்லை. சிங்களத்தைக் குறிக்கும் சொல் அரபியரிடமும் போர்த்துகீசியரிடமும் பலவாறு திரிந்து, ஆங்கிலத்தில் ‘சிலோன்’ என நின்றது. 1972 இல் அந்தத் தீவு நாடு ‘ஸ்ரீ லங்கா’ என்று அதிகாரபூர்வமாக மாறியது. தமிழில் அதன் பெயர் அதற்கு முன்பும் இலங்கை, பின்பும் இலங்கை.