ஐஸுக்கு உப்புப் போடுறவைக்கும், போடச் சொல்லுறவைக்கும்

நல்லூர்த் திருவிழா முடிஞ்சு கொடி இறங்கின கையோடை கனடாவிலை இருக்கிற எங்கடை ஆக்கள் விண்டர் கொன்ராக்ட், அதாவது குளிர்காலத்திலை ஸ்னோ அள்ளி உப்புப் போடுற ஒப்பந்தம் கதைக்கத் தொடங்கிடுவினம், ஆருக்குக் குடுக்கிறது, எவ்வளவுக்குக் குடுக்கிறது எண்டு. நான் ரொறன்ரோப் பக்கம் கன வருசம் இந்த வேலைதான் செய்தனான், பிளாசா, கொண்டோ எண்ட அடுக்குமாடி வீடுகள், கோயில் பார்க்கிங் எண்டு எல்லா இடமும் ஸ்னோ தள்ளி உப்புப் போட்டிருக்கிறன். இப்ப கோண்டாவிலிலை இருக்கிறன், எண்டாலும் அங்கை நிக்கிற பெடியள் வட்ஸ்அப்பிலை படம் அனுப்பி "அண்ணை இதுக்கு எத்தினை பாக் போடுறது" எண்டு கேக்கிறது நிக்கேல்லை. இஞ்சை இருந்து புதுசாப் போற பிள்ளையளிலையும் சிலருக்கு முதல் வேலையே உப்பு வாளியோடைதான் வரும். ஆனபடியால்தான் இதை யாழ்ப்பாணத்திலை இருந்தே எழுதுறன், வாசிக்கிற நீங்கள் அங்கை இருக்கிற அண்ணன் தம்பி மச்சானுக்கு ஒருக்கா அனுப்பிவிடுங்கோ.

உப்புப் போட்டா ஐஸ் உருகும் எண்டது பாதிக் கதை. உப்பு முதலிலை கொஞ்ச ஈரத்தைப் பிடிச்சு உப்புத் தண்ணியா மாறவேணும், அந்தத் தண்ணிதான் ஐஸுக்கும் நிலத்துக்கும் இடையிலை போய் ஒட்டை விடுவிக்குது. குளிர் கூடக் கூட அந்த வேலை பயங்கரமாக் குறையும். மைனஸ் 1 டிகிரியிலை ஒரு கிலோ சாதாரண உப்பு 46 கிலோ மட்டிலை ஐஸை உருக்கும், மைனஸ் 7க்குப் போனா எட்டரைக் கிலோ, மைனஸ் 12இலை ஒரு அஞ்சு கிலோ, அதுவும் உடனை இல்லை, ஒரு மணித்தியாலம் மட்டிலை எடுக்கும். மைனஸ் 10க்குக் கீழை போன பிறகு வெறும் சோடியம் குளோரைட்டை, அதாவது சாதாரண உப்பை, வாளி வாளியாக் கொட்டுறது காசைக் கொட்டுறதுதான். அந்தக் குளிருக்கு மக்னீசியம் குளோரைட், இன்னும் கீழை போனா கல்சியம் குளோரைட், அதுகளும் குளோரைட்தான், அளவாத்தான் போடவேணும். இல்லாட்டி உருக்கிறதை விட்டிட்டு வழுக்காமல் இருக்க மண்ணைத் தூவவேணும். மண் ஐஸை உருக்காது, ஆனா காலுக்குப் பிடி குடுக்கும், அந்த நேரத்திலை சனத்துக்குத் தேவை அதுதான்.

இதிலை எல்லாரும் விடுற ஒரு விசயம், போனிலை காட்டுற டிகிரி காத்தின்ரை டிகிரி. எங்களுக்கு வேண்டியது நிலத்தின்ரை சூடு. நவம்பரிலை காத்து மைனஸ் 2 எண்டு காட்டும், பகல் வெயில் வாங்கின தார் இன்னும் பூச்சியத்துக்கு மேலை நிக்கும், அண்டைக்கு உப்பே தேவைப்படாமல் இருக்கலாம். பெப்ரவரியிலை மறுவளம், காத்து பூச்சியத்துக்கு வந்தாலும் கட்டட நிழலிலை இருக்கிற கொங்கிறீற் மைனஸ் 6இலை நிக்கும். நிலத்தைக் குறிபாத்து அமத்தினா சூடு காட்டுற இன்ஃபிராரெட் தெர்மாமீற்றர் பெரிய விலை இல்லை, லொறியிலை ஒண்டு கட்டாயம் இருக்கவேணும். அது இல்லாமல் உப்புப் போடுறவர் கண்ணை மூடிக்கொண்டு போடுறார் எண்டுதான் நான் சொல்லுவன்.

அடுத்தது அளவு. எங்கடை ஆக்களிலை கனபேருக்கு நிலம் வெள்ளையாத் தெரிஞ்சாத்தான் மனம் ஆறும். "தம்பி, காசு தாறன்தானே, வடிவாப் போடு, போட்டது தெரியவேணும்" எண்டு எத்தினையோ அன்ரிமார் கதவைத் திறந்து வைச்சுக்கொண்டு சொல்லியிருக்கினம். ஐஸ் உருகிக் காஞ்ச பிறகும் நிலத்திலை வெள்ளையாக் கிடக்கிற உப்பு வேலை செய்யாத உப்பு, அது அடுத்த மழைக்கு நேரா வாய்க்காலுக்குப் போகும். ஒரு கோப்பி மக் நிறைய உப்பு, ஒரு 340 கிராம் வரும், அது 6 மீற்றர் நீளமான வீட்டு டிரைவ்வேக்கு, கார் விடுற பாதைக்கு, காணும். கல்லுக்குக் கல்லு ஏழு எட்டுச் சென்ரிமீற்றர் இடைவெளி இருக்கவேணும், அதாவது ஒரு கை அகலத்துக்குள்ளை ரெண்டு கல்லு. பாக்க ஒண்டும் போடாத மாதிரித்தான் இருக்கும், பத்து இருபது நிமிசம் விட்டுப் பாருங்கோ, ஒவ்வொரு கல்லும் தன்னைச் சுத்தி ஒரு வட்டத்தை உருக்கி, அந்த வட்டங்கள் ஒண்டோடை ஒண்டு தொடும், அடியிலை ஒட்டு விட்டிடும், பிறகு சவளாலை தட்டினாப் பலகை பலகையாக் கிளம்பும். எல்லாத்தையும் உப்பாலையே தண்ணியாக்க நிக்கக்கூடாது, ஒட்டை விடுவிக்கிறதோடை உப்பின்ரை வேலை முடிஞ்சுது.

அதுக்கு முன்னம் ஸ்னோவை அள்ளவேணும். இதை எழுதவேண்டியிருக்கிறதே கவலையான விசயம், ஆனா ரெண்டு இஞ்சி ஸ்னோவுக்கு மேலை உப்பைக் கொட்டிப்போட்டு அடுத்த சைட்டுக்கு ஓடுற ஆக்களை நான் நிறையக் கண்டிருக்கிறன். கெட்டித்தனமான வேலை எண்டா ஸ்னோ துவங்க முன்னமே உப்புக் கரைசலை மெல்லிய கோடு கோடா அடிச்சு விடுறது. 100க்கு 23 பங்கு உப்புள்ள கரைசல்தான் ஆகக் கூடின குளிரிலை உறையும், மைனஸ் 21 மட்டிலை, அதாலைதான் அந்தக் கணக்கு. முதலே அடிச்சா ஐஸ் நிலத்தோடை ஒட்டாது, பிறகு கழட்டுறதுக்குப் போடுற உப்பிலை மூண்டிலை ஒரு பங்கு நாலிலை ஒரு பங்கோடை வேலை முடியும். முதலிலை மழை பெய்து பிறகு ஸ்னோவா மாறும் எண்டு வெதர் சொன்னா மட்டும் அடிக்காதேங்கோ, கழுவிக்கொண்டு போயிடும். கரைசல் அடிக்கிற சாமான் இல்லாதவையும் உப்பைப் போடேக்கை ஈரமாக்கிப் போடலாம், காஞ்ச உப்பு துள்ளித் துள்ளிப் புல்லுக்கையும் றோட்டுக்கும் போறது குறையும்.

உப்பைக் குறைக்கிறதுக்கு ஆகப்பெரிய வழி உப்பிலையே இல்லை, தண்ணி வாற வழியிலைதான் இருக்கு. ஒரு பிளாசாவிலை ஒரே ஒரு கடை வாசலிலை மட்டும் ஒவ்வொரு நாளும் காலமை கண்ணாடி மாதிரி ஐஸ், ஒவ்வொரு நாளும் உப்பு. மத்தியானம் போய் நிண்டு பாத்தா, கூரைத் தண்ணி இறங்கிற பீலிக் குழாய் நேரா நடைபாதையிலை முடியுது, வெயிலுக்கு உருகினது வழிஞ்சு வந்து இரவிலை இறுகுது. குழாயை நாலடி நீட்டிப் புல்லுப் பக்கம் திருப்பிவிட்டாச்சு, அந்த வாசலுக்குப் பிறகு தினம் உப்புத் தேவைப்படேல்லை. இதே மாதிரித்தான் அள்ளின ஸ்னோவைக் குவிக்கிற இடமும். மேட்டுப் பக்கம் குவிச்சா பகலிலை உருகி முழு பார்க்கிங்குக்கும் ஓடி இரவு கறுப்பு ஐஸா மாறும், கண்ணுக்கே தெரியாது, சனம் விழுந்து இடுப்பெலும்பு உடைக்கிறது அதிலைதான். பள்ளத்துப் பக்கம், வாய்க்கால் மூடிக்குக் கிட்ட, மூடியை மறைக்காமல் குவியுங்கோ. இதை நவம்பருக்கு முன்னமே நடந்து பாத்துக் குறிச்சு வைக்கவேணும், ஸ்னோ வந்த பிறகு இடம் தெரியாது.

இனி ஏன் இவ்வளவு கவலைப்படுறன் எண்டதுக்கு வாறன். யாழ்ப்பாணத்துச் சனத்துக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை எண்டு நினைக்கிறன். எங்களுக்கு ஆறு இல்லை, மழைக்கு மட்டும் ஓடுற வழுக்கியாறு ஒண்டுதான். பெய்யிற மழை சுண்ணாம்புக் கல்லுக்குள்ளை இறங்கி உவர்த் தண்ணிக்கு மேலை மிதக்குது, அதைத்தான் கிணத்திலை அள்ளுறம். நிலாவரைக் கிணத்திலை மேலை நல்ல தண்ணி, ஆழத்திலை உவர், சின்னனிலை எல்லாரும் போய்ப் பாத்ததுதானே. ஒருக்கா உவராப் போன கிணறு திரும்பிறது எவ்வளவு கஷ்டம், தீவுப் பக்கம் பவுசர் தண்ணிக்கு வாளியோடை நிக்கிற சனத்தைக் கேளுங்கோ. எங்களுக்கு உவரைக் கடல் குடுத்தது, நிலத்துக்கடித் தண்ணியை அளவுக்கு மிஞ்சி இழுத்து நாங்களும் கூட்டினம். கனடாவிலை மனுசன் உப்பை லொறியிலை ஏத்திக்கொண்டு போய்த் தன்ரை கையாலை நல்ல தண்ணிக்குள்ளை போடுறான்.

குளோரைட் உக்காது, ஆவியாகாது, மண் அதைப் பிடிச்சு வைக்காது, தண்ணி போற இடமெல்லாம் போகும். ஒரு தேக்கரண்டி உப்பு 6 கிராம் எண்டு வையுங்கோ, அதிலை 3.6 கிராம் குளோரைட். தண்ணியிலை வாழுற உயிருகளுக்கு நீண்டகாலத்துக்கு லீற்றருக்கு 120 மில்லிகிராமுக்கு மேலை கூடாது எண்டது கனடாவின்ரை வழிகாட்டி அளவு, அப்ப அந்த ஒரு தேக்கரண்டி 30 லீற்றர் சுத்தமான தண்ணியை அந்த எல்லைக்குக் கொண்டுவரக் காணும். ஒரு பாக் உப்பு 20 கிலோ, கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கோ. றோட்டு உப்பு சுற்றாடலுக்கு நஞ்சு எண்டு கனடா அரசாங்கமே 2001இலை ஆராய்ஞ்சு முடிவு சொல்லி, 2004இலை நடைமுறைக் கோவையும் வெளியிட்டது, தடை செய்யேல்லை, ஏனெண்டா றோட்டிலை உயிர் காக்கிறதும் அதுதான். ஒன்ராரியோவிலை வாட்டர்லூப் பக்கம் குடிதண்ணியிலை பெரும்பங்கு எங்களை மாதிரி நிலத்துக்கடித் தண்ணி, கிணறுகளிலை குளோரைட் ஏற ஏறத்தான் அங்கை இருந்து ஸ்மார்ட் அபவுட் சோல்ட் எண்ட பயிற்சி துவங்கினது. இந்த வேலைக்குப் போற பிள்ளையள் அந்தச் சேர்ட்டிபிக்கேட்டை எடுங்கோ.

கட்டடத்துக்கும் இதே கதைதான். குருநகர், பருத்தித்துறைக் கரையிலை பிளேட் வெடிச்சுக் கம்பி துருவாத் தொங்கிற வீடுகளைக் கண்டிருப்பீங்கள், அந்த உப்புத்தான் கனடாவிலை பார்க்கிங் கராஜுக்குள்ளை கார்ச் சில்லோடை போய் அதையே செய்யுது. 2012 யூன் 23, எலியட் லேக் எண்ட ஊரிலை ஒரு மோலின்ரை கூரைப் பார்க்கிங் இடிஞ்சு விழுந்து ரெண்டு பேர் செத்தவை. முப்பது வருசத்துக்கு மேலா ஒழுகின உப்புத் தண்ணி இரும்பு பொருத்தின இடத்தைத் திண்டிட்டுது. உங்கடை கொண்டோ கராஜுக்குக் கீழை வெள்ளையாக் கசிவு கண்டா பெயின்ற் அடிச்சு மறைக்க விடாதேங்கோ. புதுசாப் போட்ட கொங்கிறீற்றுக்கு முதல் விண்டரிலை உப்பே போடாதேங்கோ, மண் மட்டும் தூவுங்கோ.

கன பேர் உப்பைக் கூடப் போடுறது வழக்குக்குப் பயந்துதான், அது எனக்கும் விளங்குது. ஆனா கோட்டிலை உங்களைக் காப்பாத்திறது நிலத்திலை கிடந்த உப்பில்லை, எத்தினை மணிக்குப் போனது, நிலம் என்ன டிகிரி, என்ன செய்தது எண்டு எழுதி வைச்ச குறிப்பும் போட்டோவும். ஒன்ராரியோவிலை 2021 ஜனவரி தொடக்கம், ஸ்னோவிலை ஐஸிலை விழுந்தவர் பொதுவா 60 நாளுக்குள்ளை எழுத்திலை அறிவிக்கவேணும் எண்டு சட்டம், அந்தக் குறிப்பைப் பத்திரமா வைச்சிருந்தீங்களெண்டா பதில் சொல்லலாம்.

அடுத்தது கொன்ராக்ட். ஒருக்கா உப்புப் போட்டா இவ்வளவு எண்டு எழுதினா, போடப் போடத்தான் அவருக்குக் காசு, குறைச்சுப் போடு எண்டு நீங்கள் வாயாலை சொல்லிப் பிரயோசனமில்லை. முழு சீசனுக்கும் ஒரு தொகை பேசுங்கோ, அதுக்குள்ளை நிலம் வழுக்காமல் இருக்கவேணும் எண்டதைத்தான் வேலையா எழுதுங்கோ, எத்தினை பாக் எண்டதை எழுதாதேங்கோ. உப்புத் தூவுற ஸ்பிறெடர் மெசினைச் சீசனுக்கு முன்னம் அளவு பாத்துச் சரிசெய்தவரோ, தெர்மாமீற்றர் இருக்கோ, மிஞ்சின உப்பைக் கூட்டி அள்ளி மூடின இடத்திலை வைப்பாரோ எண்டு கேளுங்கோ. செப்ரெம்பர் ஒக்ரோபரிலைதான் எல்லாரும் கையெழுத்து வைக்கிறது, அதுக்கு முன்னம் கேட்டிடுங்கோ.