வெக்டர்: கடத்தியா, காவியா?

எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் ஓய்வுபெற்ற நர்ஸ் அக்கா ஒருவர் படிக்கிறார். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உள்ள சாட்ஸ்வொர்த்தில் பிறந்து வளர்ந்தவர். போன வாரம் மடித்து வைத்திருந்த பழைய தாள் ஒன்றை என்னிடம் நீட்டினார். எச்.ஐ.வி. தடுப்பூசிப் பரிசோதனை பற்றிய விளக்கத் தாள். அதில் 'கேனரிபாக்ஸ் வெக்டர்' என்ற இடத்தில் பென்சிலால் வட்டம் போட்டிருந்தார். "தம்பி, இதுக்குத் தமிழில் என்ன?"

"கடத்தி" என்றேன், பாடப்புத்தகத்தில் படித்த ஞாபகத்தில்.

"கடத்தியா? திருட்டுச் சாமான் கடத்துகிற மாதிரி இருக்கே!"

அவர் சொன்னதும் சரிதான். கடத்தி என்றால் மின்சாரம் பாயும் செம்புக் கம்பியும் நினைவுக்கு வரும். ஒரே சொல்லுக்கு எத்தனை வேலைதான் கொடுப்பது?

முதலில் பொருளைப் பார்ப்போம். 'பாக்ஸ்' என்றால் அம்மை. பெரியம்மைக் குடும்பத்து வைரஸ்கள் உருவத்தில் பெரியவை. பெரியம்மைத் தடுப்பூசிக்குப் பயன்பட்ட வாக்சினியா வைரஸில் ஏறக்குறைய 200 மரபணுக்கள் உண்டு. சிலவற்றை எடுத்துவிட்டு வேறொரு கிருமியின் மரபணுவை அங்கே வைத்துத் தைத்துவிடலாம். 1982-இல் இதைச் செய்து காட்டினார்கள். அப்படித் தைத்த வைரஸ் நம் செல்லுக்குள் போய், அந்த வேற்றுக் கிருமியின் புரதத்தை உண்டாக்கும். உடம்பு அதைப் பார்த்து எதிர்க்கப் பழகிக்கொள்ளும். இப்படி வேற்று மரபணுவைச் சுமந்து போகும் வைரஸ்தான் வெக்டர். அம்மை வைரஸ் தன் வேலையை செல்லின் உட்கருவுக்கு வெளியிலேயே முடித்துக்கொள்வதால், நம் மரபணுவோடு போய் ஒட்டிக்கொள்வதில்லை.

ஆனால் சுமக்கிற வைரஸே நோயைக் கொடுத்துவிடக்கூடாதே? அதற்காக முதலில் அதைப் பல் பிடுங்கிய பாம்பாக்குகிறார்கள். ஜெர்மனியில் ஆன்டன் மாயர் வாக்சினியாவைக் கோழிக்கரு செல்களில் 570 முறைக்கு மேல் மாற்றி மாற்றி வளர்த்தார். கோழிக்கே பழகிப்போன அந்த வைரஸ், மனித செல்லில் பெருகும் திறனை இழந்துவிட்டது. எம்.வி.ஏ. என்பது இதுதான். அக்காவின் தாளில் இருந்த கேனரிபாக்ஸுக்கு இந்தப் பாடுகூடத் தேவைப்படவில்லை. அது பறவைக்கு வரும் அம்மை. மனித செல்லுக்குள் நுழையும், ஆனால் குட்டி போடாது.

சரி, சொல்லுக்கு வருவோம். வெக்டர் லத்தீன் சொல். 'சுமந்து செல்' என்னும் வினையிலிருந்து வந்தது. வெஹிக்கிள் என்கிற வண்டியும் அதே வேரில் முளைத்ததுதான். லத்தீனில் சுமப்பவரும் வெக்டர், சுமக்கப்படும் பயணியும் வெக்டர் என்பது ஒரு வேடிக்கை.

தமிழில் இதற்கு நேரான வினை 'காவு'. தோளில் சுமத்தல் என்று பொருள். இரண்டு முனையிலும் பாரம் தொங்கும் தண்டுக்குக் 'கா' என்று பெயர். புறநானூற்றில் ஔவையார் "காவினெம் கலனே" என்கிறார். யாழைத் தோளில் சுமந்துகொண்டோம், இனிக் கிளம்ப வேண்டியதுதான் என்ற கோபம் அதில். 'காவடி' இந்தக் குடும்பத்துச் சொல். இதைச் சொன்னதும் வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. தமிழ் பேச வராத டர்பன் பிள்ளைக்கும் காவடி தெரியும். தைப்பூசத்தில் சாமந்தி சுற்றிய காவடியில், பக்கத்துக்கு ஒன்றாகக் கட்டிய பால்செம்பு ததும்பாமல் பெரியப்பா நடந்து போனதைப் பார்த்திருக்கும்.

ஆகவே, என் கட்சி 'காவி'. இது நான் உண்டாக்கிய சொல் அல்ல. இலங்கையில் கணக்குப் பாடத்து வெக்டரைக் காவி என்றும், நோய் பரப்பும் கொசுவை நோய்க்காவி என்றும்தான் படிக்கிறார்கள். தமிழ்நாட்டில் கணக்குக்குச் சொல்லும் 'திசையன்' இங்கே உதவாது. வைரஸுக்கு ஏது திசை? காவியில் ஒரு தொல்லை உண்டு. தனியாக எழுதினால் சாமியார் வேட்டி நிறம் கண்முன் வந்து நிற்கும். அதனால் எப்போதும் முன்னால் ஒரு சொல்லைச் சேர்த்து, 'அம்மைக்காவி' என்று எழுதலாம்.

'அம்மை' பற்றி இங்கே அதிகம் சொல்லத் தேவையில்லை. ஆடியில் 'பாரிட்ஜ் பிரேயர்' என்று மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற ஊர் இது. நோய்க்குத் தாயின் பெயரை வைத்தவர்கள் நாம். வெள்ளைக்காரர் பசுவை வைத்தார்கள். ஜென்னர் 1796-இல் பசு அம்மையிலிருந்து மருந்தெடுத்ததால், லத்தீனில் பசுவைக் குறிக்கும் 'வக்கா' வாக்சின் ஆயிற்று. பழைய தமிழில் தடுப்பூசி போடுவதற்குப் பேரே 'அம்மை குத்துவது'.

அக்கா வைத்திருந்த தாளின் கதை சோகமானது. தாய்லாந்தில் கேனரிபாக்ஸ் வெக்டரை வைத்து 16,000-க்கு மேற்பட்டோரிடம் நடந்த எச்.ஐ.வி. தடுப்பூசிப் பரிசோதனையில், 2009-இல் சுமார் 31 விழுக்காடு பாதுகாப்பு தெரிந்தது. அந்த நம்பிக்கையில் 2016-இல் தென்னாப்பிரிக்காவில் 'உஹாம்போ' என்ற பரிசோதனை தொடங்கியது. ஸூலுவில் பயணம் என்று பொருள். 5,407 பேர் சேர்ந்தார்கள். 2020 பிப்ரவரியில் நிறுத்திவிட்டார்கள். ஊசி போட்டவர்களில் 129 பேருக்கும், வெற்று ஊசி போட்டவர்களில் 123 பேருக்கும் தொற்று வந்திருந்தது. ஊசியால் ஆபத்து எதுவும் தென்படவில்லை, பலன்தான் இல்லை. ஆனால் முன்னே சொன்ன எம்.வி.ஏ. எபோலா தடுப்பூசியின் இரண்டாம் தவணையில் காவியாகி, 2020-இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்றது.

அக்கா நோட்டில் 'அம்மைகாவி' என்று எழுதியிருந்தார். நடுவில் ஒரு 'க்' போடச் சொன்னேன்.