பென்சிலுக்கு முன் கோலமாவு

எல்.கே.ஜி. சேர்த்த சில மாதங்களில் ஆக்குபேஷனல் தெரபிக்கு (எழுதுவது, உண்பது போன்ற அன்றாட வேலைகளுக்குப் பழக்கும் சிகிச்சை) பிள்ளையை அழைத்து வரும் பெற்றோர் அடிக்கடி சொல்வது இது: "எழுதவே மாட்டேங்கிறான், கை வலிக்குதுங்கிறான்." பிள்ளை சாக்குச் சொல்லவில்லை. மணிக்கட்டில் 8 சிறு எலும்புகள் உண்டு. மூன்று வயதில் அவற்றில் ஏறக்குறைய மூன்றுதான் எலும்பாகக் கெட்டிப்பட்டிருக்கும். மற்றவை இன்னும் குருத்தெலும்புதான். அந்தக் கையில் நாலு கோடு நோட்டைத் திணிப்பதைவிட, கிள்ளவும் பிசையவும் ஊற்றவும் விடுவது எவ்வளவோ மேல். செல்போன் கேட்காமல் பிள்ளையை உட்கார வைப்பதும் இதே வேலைகள்தான்.

கோலமாவில் தொடங்கலாம். கடையில் விற்கும் கல் மாவு வேண்டாம். தூசு மூச்சில் ஏறும், கை வாய்க்கும் போகும். பச்சரிசியை மிக்ஸியில் சன்ன ரவை பதத்துக்குப் பொடித்துக்கொள்ளுங்கள். நைஸாக அரைத்தால் விரலிடுக்கில் ஒட்டிக்கொண்டு விழாது. ஒரு தாம்பாளத்தில் சாக்பீஸால் வரிசைக்கு 5 வீதம் 5 வரிசை புள்ளி வையுங்கள். ஒவ்வொரு புள்ளியின் மேலும் ஒரு சிட்டிகை மாவு போடுவதுதான் பிள்ளையின் வேலை. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகிய மூன்றும் சேர்ந்து கிள்ளும். பின்னாளில் பென்சிலைப் பிடிக்கப்போவதும் இவைதான்.

முதல் நாள் எல்லாப் பிள்ளைகளும் கைநிறைய அள்ளிக் கொட்டும். திட்டிப் பயனில்லை. ஒரு கைக்குட்டையின் முனையைச் சுருட்டி, மோதிர விரலும் சுண்டுவிரலும் உள்ளங்கையோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளும்படி கொடுங்கள். அந்த இரண்டு விரலுக்கும் வேலை கிடைத்ததும் மற்ற மூன்றும் தானாகக் கிள்ளத் தொடங்கும். மாவை இரண்டு மேசைக்கரண்டி மட்டும் சின்னக் கிண்ணத்தில் வையுங்கள். டப்பாவோடு கொடுத்தால் இரண்டு நிமிடத்தில் டப்பா கவிழும், விளையாட்டு முடிந்துவிடும். பிள்ளை சீக்கிரம் சலித்துவிடுகிறது என்று சொல்லும் வீடுகளில் பெரும்பாலும் பொருள்தான் அதிகமாக இருக்கும்.

அடுத்து மாவு பிசைதல். மைதா 1 கப், தூள் உப்பு கால் கப், எண்ணெய் 1 தேக்கரண்டி, வெதுவெதுப்பான தண்ணீர் அரை கப்புக்குச் சற்றுக் குறைவாக. தண்ணீரை ஒரேயடியாக ஊற்றாதீர்கள். சப்பாத்தி மாவைவிட ஒரு சுற்று கெட்டியாக வந்ததும் நிறுத்துங்கள். கையில் ஒட்டினால் சிறிது மைதா தூவி 10 நிமிடம் மூடி வையுங்கள். உருட்டும்போது வெடித்தால் தண்ணீர் தெளித்துப் பிசையுங்கள். நிறத்துக்கு மஞ்சள்தூள், பீட்ரூட் சாறு போதும். சாறு சேர்த்தால் அந்த அளவு தண்ணீரைக் குறைக்க வேண்டும். இறுக மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் வரை வரும், வாடையோ புள்ளியோ தெரிந்தால் எறிந்துவிடுங்கள்.

இந்த மாவை உருண்டை உருண்டையாக விழுங்கினால் உப்பு உடம்பில் ஏறி ஆபத்தாகும். எதையும் வாயில் வைக்கும் வயதில் உப்பில்லாத சப்பாத்தி மாவு கொடுத்து, அன்றே எறிந்துவிடுவதுதான் சரி. கோதுமை ஒவ்வாத பிள்ளைக்கு மைதாவும் ஆகாது. கொழுக்கட்டைக்குப் பிசைவதுபோல அரிசிமாவைக் கொதிநீரில் பிசைந்து, ஆறியபின் கொடுங்கள்.

மூன்று வயதில் முதன்முதலாகக் கத்தரிக்கோல் பிடிக்கவும் இந்த மாவே நல்லது. தாள் மடங்கி நழுவும். விரல் தடிமனுக்கு உருட்டிய மாவுத்திரி ஒரே அழுத்தில் துண்டாகும். முனை மழுங்கிய கத்தரிக்கோல் போதும். கட்டைவிரல் மேலே பார்த்திருக்கிறதா என்று பாருங்கள். முழங்கை வெளியே விரிந்தால் அக்குளில் ஒரு மெல்லிய புத்தகத்தை இடுக்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஊற்றிப் பழக இரண்டு டம்ளர், கீழே ஒரு தட்டு. முதலில் அரிசி, அதுவும் அரை டம்ளர்தான். அரிசி கைக்கு அடங்கிய பிறகு தண்ணீர். சிந்தியதை ஸ்பாஞ்சால் ஒற்றிக் கிண்ணத்தில் பிழிவதையும் பிள்ளையே செய்யட்டும். உள்ளங்கைக்கு அதைவிட நல்ல பயிற்சி குறைவு. ஆனால் கையெட்டும் தூரத்தில் பெரியவர் ஒருவர் இருந்தே ஆகவேண்டும். வாளியின் அடியில் கிடக்கும் சில அங்குலத் தண்ணீரே சிறு குழந்தையின் உயிரைப் பறிக்கும். விளையாட்டு முடிந்த கையோடு கொட்டிவிடுங்கள்.

நான்கு வயதுக்கு மேல் பல்லாங்குழி எடுக்கலாம். விதியெல்லாம் பிறகு, 14 குழியிலும் குழிக்கு ஒரு புளியங்கொட்டை போட்டபடி சுற்றி வந்தாலே எண்ணிக்கை விரலில் ஏறும். மூன்று வயதுக்குள் புளியங்கொட்டை, கொண்டைக்கடலை, பட்டாணி, தெர்மாகோல் உருண்டை எதுவும் கைக்கு எட்டக்கூடாது. 3 செ.மீ. அகலக் குழாய்க்குள் நுழைவது எதுவானாலும் பிள்ளையின் தொண்டையை அடைக்கக்கூடும். தண்ணீரில் ஊறிப் பருக்கும் ஜெல் மணிகளை வாங்கவே வேண்டாம். விழுங்கினால் குடலுக்குள் ஊதி அடைத்துக்கொள்ளும்.

ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றத்தோடு சளி வந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பட்ஸ், ஹேர்பின் விட்டுக் குடைந்தால் அது இன்னும் உள்ளே போகும். தண்ணீர் விட்டால் பருப்பு ஊறிப் பருக்கும். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். பட்டன் பேட்டரி என்று சந்தேகம் வந்தாலே உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். சில மணி நேரத்தில் சதையை அரித்துவிடும்.

மூன்று வயதுப் பிள்ளை ஒரு வேலையில் 10 நிமிடம் இருந்தாலே நிறைவு. பொருளை வீசத் தொடங்கினால் போதும் என்று அர்த்தம். எடுத்து வைத்துவிட்டு, துவைத்த துணிக்கூடையை அறைக்கு அறை தள்ளச் சொல்லுங்கள்.

இப்படி விளையாடும்போது கைகளைக் கவனியுங்கள். ஒன்றரை வயதுக்கு முன்பே ஒரே கையை மட்டும் நீட்டி, மற்றக் கையை மடக்கியே வைத்திருந்தால், "இடது கைப் பழக்கம்" என்றோ "வலது கைக்காரன்" என்றோ விட்டுவிடாதீர்கள். அந்த மற்றக் கையில் பலவீனம் இருக்கலாம். குழந்தை மருத்துவரிடம் அந்த வாரமே காட்டுங்கள்.