ராட்சத ஆமையும் நண்பகல் நிழலும்

இந்தியப் பெருங்கடலில், செஷல்ஸ் நாட்டைச் சேர்ந்த அல்டாப்ரா பவளத்தீவில் ஏறக்குறைய ஒரு லட்சம் ராட்சத ஆமைகள் வாழ்கின்றன. 1982-இல் யுனெஸ்கோ பாரம்பரியக் களமாக அறிவித்த அத்தீவை அடைவது எளிதன்று. ஆகவே பெரும்பாலான பயணிகள், பிராஸ்லின் தீவிலிருந்து படகேறி, அல்டாப்ராவிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட ஆமைகள் திரியும் கியூரியஸ் தீவுக்குச் செல்கின்றனர். எங்கு சென்றாலும் உச்சிவேளையில் காணக் கிடைப்பவை, மரத்தடியில் நெருக்கியடித்துக் கிடக்கும் ஓடுகள் மட்டுமே. அதைச் சோம்பல் என்று எண்ணுவது அந்த விலங்குக்கு இழைக்கும் அநீதி.

ஆமை தன் உடல் வெப்பத்தைத் தானே உண்டாக்கி நிலைநிறுத்துவதில்லை, சுற்றுப்புறத்திலிருந்தே பெறுகிறது. 250 கிலோவை எட்டக்கூடிய ஆணின் உடலில், எடையோடு ஒப்பிட வெளிப்பரப்பு குறைவு என்பதால், வெப்பம் மெதுவாகவே ஏறி மெதுவாகவே இறங்குகிறது. இரவில் இது நன்மை. பகலிலோ, அளவுக்கு மீறி உள்ளே சேர்ந்த வெப்பத்தை விரைந்து வெளியேற்ற வழியில்லை. அதற்கு வியர்ப்பதும் இல்லை. எனவே வெயில் முற்றுவதற்குள் நிழலை அடைந்தாக வேண்டும். திறந்த வெளியில் சிக்கிக்கொண்ட ஆமைகள் வெப்பத்தால் இறந்துபோவது அல்டாப்ராவில் அறியப்பட்ட ஒன்றே.

ஆமையின் மேய்ச்சல் எல்லையை வகுப்பதும் இந்த நிழல்தான். காலையும் மாலையும் மட்டுமே மேய முடியும் என்பதால், உச்சிவேளைக்குள் திரும்பிவிடக்கூடிய தொலைவுக்கு அப்பால் புல் எவ்வளவு செழித்திருந்தாலும் பயனில்லை. மரத்துக்கு அருகிலுள்ள புல்லோ ஓயாமல் கொறிக்கப்பட்டு, தரையோடு ஒட்டிய குட்டைச் செடிகளின் விரிப்பாகிவிட்டது. அவற்றுள் சில, ஆமையின் வாய்க்கு எட்டாதபடி மண்ணை ஒட்டியே விதை பிடிக்கின்றன. விந்தை என்னவென்றால், நிழலுக்கு ஒதுங்கும் கூட்டமே வேர்களை மிதித்தும் தாழ்ந்த கிளைகளைத் தின்றும் அந்த மரங்களைச் சிதைக்கிறது. மரம் குறையக் குறைய, எஞ்சிய நிழலில் நெரிசல் கூடுகிறது.

மழைக்காலத்தில் சேற்றுக் குட்டைகளில் புரண்டும் அவை உடலைக் குளிர்வித்துக்கொள்கின்றன. சுண்ணாம்புப் பாறைக் குழிகளில் விரல் கனத்துக்கு மட்டுமே நீர் தேங்கியிருந்தால், ஆமை முகத்தைப் பாறையோடு அழுத்தி, மூக்கின் வழியாகவே அதை உறிஞ்சிக் குடித்துவிடுகிறது.