80 டிகிரியில் ஒரு நரம்பு: நாள்பட்ட முதுகுவலிக்கு ரேடியோ அதிர்வெண் சிகிச்சை

பல ஆண்டுகளாக இடுப்பு வலியால் அவதிப்படும் தம் தாயாருக்கு, அறுவைச் சிகிச்சை இல்லாமல் ஊசி வழியாக நரம்பைச் சுட்டு வலியைக் குறைக்கலாம் என்று மருத்துவர் கூறியதாக ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். நரம்பைச் சுட்டால் கால் செயலிழந்துவிடாதா, சுட்ட நரம்பு மறுபடியும் வளருமா என்பவை அவருடைய கேள்விகள். இரண்டும் அருமையான கேள்விகள். முதலாவதற்கு உடற்கூறியலும் இயற்பியலும் சேர்ந்து விடை சொல்கின்றன, இரண்டாவதற்கு நரம்புகளின் வளர்ச்சி முறை விடை சொல்கிறது.

அடிப்படையைச் சுருக்கமாக நினைவுபடுத்திக்கொள்வோம். திசுக்களில் உள்ள வலி உணர்விகள் தூண்டப்படும்போது மின்துடிப்புகள் நரம்பிழைகள் வழியாகத் தண்டுவடத்தை அடைந்து, அங்கிருந்து மூளைக்குச் செல்கின்றன. இந்த வலி மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால் அதை நாள்பட்ட வலி என்று மருத்துவம் வகைப்படுத்துகிறது. மாத்திரையாலும் உடற்பயிற்சியாலும் போதிய பலன் கிடைக்காத, ஆனால் அறுவைச் சிகிச்சை செய்யும் அளவுக்குக் கோளாறு இல்லாத நோயாளிகளுக்கென்று உருவானவையே ஊசித்துளை வழிச் சிகிச்சைகள். தண்டுவட உறைக்கு வெளியே செலுத்தப்படும் ஸ்டீராய்டு ஊசி, தண்டுவடத்துக்கு அருகில் பதிக்கப்படும் மின்தூண்டல் கருவி, நரம்பை வெப்பத்தால் துண்டிக்கும் ரேடியோ அதிர்வெண் சிகிச்சை ஆகியவை அவற்றுள் பரவலாகச் செய்யப்படுபவை. வாசகர் கேட்டிருப்பது மூன்றாவதைப் பற்றி. இது தேய்ந்த மூட்டைச் சரிசெய்வதில்லை. மூட்டிலிருந்து செய்தி செல்லும் வழியை மட்டும் சில மாதங்களுக்கு அடைத்துவைக்கிறது.

எந்த நரம்பைச் சுடுகிறார்கள் என்பதில்தான் முதல் கேள்விக்கான விடையின் பாதி இருக்கிறது. முதுகெலும்பின் ஒவ்வொரு எலும்பும் அடுத்த எலும்போடு முன்புறத்தில் வட்டுத்தட்டாலும், பின்புறத்தில் இடமும் வலமுமாக இரண்டு சிறிய மூட்டுகளாலும் இணைந்திருக்கிறது. ஃபேசட் மூட்டு எனப்படும் இந்தப் பின்புற மூட்டுகள் தேய்வதால் வரும் வலிக்குத்தான் இச்சிகிச்சை மிகுதியாகச் செய்யப்படுகிறது. தண்டுவடத்திலிருந்து வெளியேறும் நரம்பு, எலும்புகளின் இடைவெளியைத் தாண்டியவுடனே இரண்டாகப் பிரிகிறது. பருமனான முன்கிளை காலுக்குச் செல்கிறது. மெல்லிய பின்கிளை முதுகிலேயே தங்கிவிடுகிறது. அந்தப் பின்கிளையிலிருந்து பிரியும் உட்கிளை ஒன்று, எலும்பின் மேல் ஒரு சிறு பள்ளத்தை ஒட்டி ஓடி, ஃபேசட் மூட்டின் உணர்வைச் சுமந்து வருகிறது. முதுகெலும்பை ஒட்டிய சிறு தசை ஒன்றையும் அதுவே இயக்குகிறது. காலின் அசைவுக்கும் இந்த உட்கிளைக்கும் தொடர்பே இல்லை. ஒவ்வொரு மூட்டுக்கும் இரண்டு உட்கிளைகளிலிருந்து உணர்விழைகள் வருவதால், ஒரு மூட்டின் வலியைத் தடுக்க இரண்டு இடங்களில் சுட வேண்டியிருக்கிறது.

சுடுவதற்கு முன், வலி அந்த மூட்டிலிருந்துதான் வருகிறதா என்பதை உறுதிசெய்தாக வேண்டும். ஸ்கேன் படம் இதற்குப் போதாது, ஏனெனில் வலியே இல்லாதவர்களின் முதுகெலும்பிலும் தேய்மானம் தெரிவதுண்டு. ஆகவே எக்ஸ்ரே திரையைப் பார்த்துக்கொண்டே, உட்கிளையின் மேல் அரை மில்லி அளவுக்கு மரத்துப்போகும் மருந்தைச் செலுத்துகிறார்கள். மருந்து வேலை செய்யும் சில மணி நேரத்துக்கு மட்டும் வலி அடங்கினால், சந்தேகம் அந்த மூட்டின் மேல் வலுக்கிறது. கவனமான மருத்துவர்கள் வேறொரு நாளில், வேறு கால அளவுக்குச் செயல்படும் மருந்தைக் கொண்டு இதை மறுபடியும் சோதிப்பார்கள். ஒரே ஒரு சோதனையில் தற்செயலாக நிம்மதி அடைபவர்கள் கணிசமாக இருப்பதே காரணம்.

இச்சிகிச்சையில் என்னை மிகவும் கவர்வது வெப்பம் பிறக்கும் விதம். காய்ச்சிய கம்பியால் சூடு போடுவதுபோல ஊசியைச் சூடாக்கி நரம்பில் வைக்கிறார்கள் என்றே பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் ஊசி சூட்டைக் கொடுப்பதில்லை. திசுவிடமிருந்து சூட்டைப் பெறுகிறது. அந்த ஊசியின் உடல் முழுவதும் மின்கடத்தாப் பூச்சு பூசப்பட்டு, நுனியில் ஏறத்தாழ 5 முதல் 10 மில்லிமீட்டர் நீளம் மட்டும் உலோகம் வெளித்தெரியும்படி விடப்பட்டிருக்கும். நோயாளியின் தொடையில் ஓர் அகலமான உலோகத் தகடு ஒட்டப்படும். ஊசிக்கும் தகட்டுக்கும் இடையே, நொடிக்கு ஏறத்தாழ 5 லட்சம் முறை முன்னும் பின்னுமாக அலையும் மின்னோட்டம் செலுத்தப்படுகிறது. உடல் திசு உப்புநீர் நிறைந்தது. அதில் சோடியம், குளோரைடு போன்ற அயனிகள் மிதக்கின்றன. மின்புலம் ஒரு பக்கம் இழுக்கும்போது அயனி நகரத் தொடங்குகிறது, ஆனால் ஒரு மைக்ரோ நொடிக்குள் மின்புலம் எதிர்ப்பக்கம் இழுக்கிறது. எங்கும் போய்ச் சேராமல் நின்ற இடத்திலேயே அலைக்கழியும் கோடிக்கணக்கான அயனிகள் சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகளோடு மோதுகின்றன. அந்த உராய்வே வெப்பமாகிறது. உலோகத்தின் மின்தடை மிகக் குறைவு என்பதால் ஊசி தானாகச் சூடாவதில்லை. அதனுள் இருக்கும் நுண்ணிய வெப்பமானி திசுவின் வெப்பநிலையையே காட்டுகிறது; அதைப் பார்த்துக் கருவி மின்திறனை நொடிக்கு நொடி கூட்டிக் குறைத்து, வெப்பநிலையை 80 டிகிரி செல்சியஸில் நிறுத்திவைக்கிறது.

ஊசியில் பாயும் அதே மின்னோட்டம்தான் தொடைத் தகட்டிலும் பாய்கிறது, ஆயினும் தொடை சுடுவதில்லை. ஓர் இடத்தில் பிறக்கும் வெப்பம் அங்குள்ள மின்னோட்ட அடர்த்தியின் இருமடியைப் பொறுத்தது. அடர்த்தி பாதியானால் வெப்பம் கால்பங்காகிவிடும். சில மில்லிமீட்டர் உலோகத்தில் நெருக்கியடித்து நுழையும் மின்னோட்டம், தகட்டுக்கு வரும்போது பரந்து விரிந்து நீர்த்துப்போய்விடுகிறது. ஊசியைச் சுற்றியும் இதே விதிதான்: விலக விலக வெப்பம் வேகமாக வீழ்கிறது, ஆகவே சுடப்படும் பகுதி சில மில்லிமீட்டர் அகலத்தோடு நின்றுவிடுகிறது. இந்தச் சூட்டுப் பகுதி ஊசியின் வெற்று நுனியைச் சுற்றி நீள்வட்ட வடிவில் பக்கவாட்டில் பரவுமே தவிர, கூர்முனைக்கு முன்னால் அதிகம் நீள்வதில்லை. ஆஸ்திரேலிய உடற்கூறியல் அறிஞர் நிக்கோலாய் போக்டுக்கும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1987இல் இதைச் சுட்டிக்காட்டினார்கள். அதன் விளைவு நடைமுறையில் மிகப் பெரியது: ஊசி முனையால் நரம்பைக் குத்துவதுபோல நிறுத்தினால் நரம்பு தப்பிவிடக்கூடும், ஊசியை நரம்புக்கு இணையாகப் படுக்கவைத்தால்தான் நரம்பின் கணிசமான நீளம் சூட்டுக்குள் அகப்படும்.

80 டிகிரி என்பதற்கும் காரணம் உண்டு. 45 டிகிரிக்கு மேல் வெப்பம் நீடித்தாலே நரம்பிழைகள் மீளாச் சேதம் அடையத் தொடங்கும். 80 டிகிரியில் முட்டையின் வெள்ளைக்கரு வெந்து இறுகுவதுபோல இழைகளின் புரதங்கள் உறைந்துபோகின்றன. இதற்கு மேல் ஏற்றி 100 டிகிரியை நெருங்கினால் திசு நீர் கொதித்து ஆவியாகும், முனையைச் சுற்றித் திசு கருகும், கருகிய திசு மின்னோட்டத்தையே தடுத்துவிடும். நேரத்துக்கும் ஓர் எல்லை இருக்கிறது: சுற்றியோடும் இரத்தம் வெப்பத்தை அள்ளிச் செல்வதால் ஏறத்தாழ 90 நொடிகளில் வரவும் செலவும் சமமாகிவிடுகின்றன, அதற்குப் பிறகு காத்திருப்பதால் சூட்டுப் பகுதி அதிகம் வளர்வதில்லை. பெரிய பகுதியைச் சுட வேண்டுமானால் பருமனான ஊசியோ, உள்ளே குளிர்ந்த நீர் சுழலும் ஊசியோ வேண்டும். ஊசி முனையைக் குளிர்விப்பதால் அதை ஒட்டிய திசு கருகாமல் இருக்கிறது, அதனால் மின்திறனைக் கூட்டி வெப்பத்தைத் தொலைவுக்குத் தள்ள முடிகிறது.

வாசகரின் முதல் கேள்விக்கான விடையின் மறுபாதி, வெப்பமூட்டுவதற்கு முன் அதே ஊசியால் செய்யப்படும் சோதனையில் இருக்கிறது. நோயாளி விழித்திருக்கும்போதே முதலில் நொடிக்கு 50 துடிப்புகள் அனுப்பப்படுகின்றன. அவருக்குப் பழகிய அந்த இடத்து வலியோ கூச்சமோ தோன்றினால், ஊசி சரியான நரம்புக்கு அருகில் இருக்கிறது. அடுத்து நொடிக்கு 2 துடிப்புகள்: முதுகுத் தசை மட்டும் துடித்தால் நல்லது, கால் துடித்தால் ஊசி காலுக்குச் செல்லும் நரம்பை நெருங்கிவிட்டது என்று பொருள், உடனே ஊசியின் இடத்தை மாற்றுகிறார்கள். நரம்பிழையில் சோடியம் அயனிகளை உள்ளே விட்டுத் துடிப்பைத் தொடங்கிவைக்கும் வாயில்கள் திறக்க ஒரு மில்லி நொடியை ஒட்டிய நேரம் தேவை. மெதுவான துடிப்பு அந்த நேரத்தைத் தருகிறது, நரம்பு பதிலளிக்கிறது. நொடிக்கு 5 லட்சம் முறை புரளும் மின்னோட்டமோ வாயில்கள் அசைவதற்குள் திசை மாறிவிடுவதால், அதை நரம்பால் ஒரு துடிப்பாக உணரவே முடிவதில்லை. வெப்பம் மட்டுமே நரம்பை அடைகிறது. ஒரே ஊசி, ஒரே கம்பி; வேகத்தை மாற்றினால் முன்பு நரம்போடு பேசிய கருவி, இப்போது அதைச் சத்தமில்லாமல் துண்டிக்கிறது. மருத்துவ இயற்பியலில் இதைவிட அழகான ஏற்பாடுகள் குறைவு என்றே நினைக்கிறேன். சோதனை முடிந்ததும் மரத்துப்போகும் மருந்தைச் செலுத்திவிட்டே வெப்பமூட்டுவார்கள்.

இரண்டாவது கேள்வி: ஆம், நரம்பு மறுபடியும் வளரும். 1850இல் உடலியல் அறிஞர் அகஸ்டஸ் வாலர் தவளை நாக்கின் நரம்புகளை வெட்டிப் பார்த்து, செல்லுடலிலிருந்து (நரம்புச் செல்லின் உட்கரு இருக்கும் மையப் பகுதியிலிருந்து) பிரிந்த பகுதி சிதைவதையும், செல்லுடலோடு இணைந்த பகுதி பிழைப்பதையும் விவரித்தார். உட்கிளையின் உணர்விழைகளுக்கான செல்லுடல்கள் சூட்டுக்கு எட்டாத தொலைவில், தண்டுவடத்தை ஒட்டிய நரம்பு முடிச்சில் பத்திரமாக இருக்கின்றன. செத்த இழையின் மிச்சங்கள் அகற்றப்பட்ட பின், உயிருள்ள முனையிலிருந்து புதிய தளிர் கிளம்புகிறது. இழையைச் சூழ்ந்திருந்த உறைக்குழாய் நல்ல நிலையில் இருந்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வளரும். சூட்டில் உறைந்து தழும்பேறிய பகுதியைக் கடப்பது அதைவிட மெதுவாகவே நடக்கும். பலன் பெறுபவர்களுக்கு நிம்மதி பெரும்பாலும் 6 மாதம் முதல் ஓராண்டு வரை நீடித்து, பிறகு வலி திரும்புவது இதனால்தான். அப்போது சிகிச்சையை மறுபடியும் செய்யலாம். நிரந்தரமாக ஒழிப்பதற்காக நரம்பு முடிச்சையே சுட்டால் என்ன என்று தோன்றலாம். செல்லுடல்கள் அழிந்தால் அந்தப் பகுதி நிரந்தரமாக மரத்துப்போவதோடு, உணர்வற்ற இடத்திலேயே முன்பைவிடக் கொடிய வலி எழவும் கூடும் என்பதால் அதைத் தவிர்க்கிறார்கள். முடிச்சுக்கு அருகில் செய்ய வேண்டியிருந்தால், மின்னோட்டத்தை விட்டு விட்டுச் செலுத்தி 42 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளும் துடிப்பு முறையைப் பயன்படுத்துகிறார்கள்.

செயல்படும் விதம் அழகாக இருப்பதாலேயே சிகிச்சை பலன் தரும் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் நோயாளி மருத்துவரிடம் வருகிறார்; எதுவும் செய்யாவிட்டாலும் உச்சத்திலிருந்து வலி ஓரளவு இறங்கும். எக்ஸ்ரே திரை, நீண்ட ஊசி, விலையுயர்ந்த கருவி ஆகிய அனைத்தும் எழுப்பும் நம்பிக்கையும் வலியைக் குறைக்கும். இவற்றைக் கழித்துப் பார்க்க ஒரே வழி, பாதிப் பேருக்குப் போலிச் சிகிச்சை அளித்து ஒப்பிடுவது. கழுத்து ஃபேசட் மூட்டு வலிக்கு 1996இல் வெளியான ஆய்வு இதற்குச் சிறந்த முன்மாதிரி. 24 நோயாளிகள், அனைவருக்கும் ஒரே மாதிரி ஊசி. 12 பேருக்கு மின்முனை 80 டிகிரிக்கும், மற்ற 12 பேருக்கு உடல் வெப்பமான 37 டிகிரிக்கும் வைக்கப்பட்டது. பாதி அளவு வலி திரும்ப ஆன காலத்தின் இடைநிலை மதிப்பு முதல் குழுவில் 263 நாட்கள், இரண்டாவதில் 8 நாட்கள். அந்த நோயாளிகள் பலமுறை சோதித்துப் பொறுக்கியெடுக்கப்பட்டவர்கள் என்பதையும் மறக்கக் கூடாது. மாறாக, நெதர்லாந்தில் 681 பேரிடம் நடந்து 2017இல் வெளியான ஆய்வுகளில், உடற்பயிற்சியோடு இச்சிகிச்சையைச் சேர்த்தவர்களுக்கும் உடற்பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு தெரியவில்லை. ஒரே சோதனை ஊசியால் நோயாளிகளைத் தேர்ந்ததும், மெல்லிய ஊசிகளைப் பயன்படுத்தியதும் அவற்றின் குறைகள் என்று எதிர்வாதம் எழுந்தது. 2025இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழான பிஎம்ஜேயில் வெளியான வழிகாட்டுதல், நாள்பட்ட முதுகெலும்பு வலிக்கு இத்தகைய ஊசிமுறைகளை வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்றே பரிந்துரைத்தது. வலி மருத்துவர்களின் அமைப்புகள் அதைக் கடுமையாக மறுத்தன.

இந்தக் குழப்பத்துக்குப் பெரும் காரணம், போலிச் சிகிச்சையோடு ஒப்பிடும் ஆய்வுகள் போதிய அளவில் நடக்காததே என்பது என் உறுதியான கருத்து. முறிந்த முதுகெலும்பில் சிமெண்ட் செலுத்தும் சிகிச்சை பல ஆண்டுகள் வெகுவாகப் பரவிய பிறகுதான், 2009இல் இரண்டு ஆய்வுகள் அது போலிச் சிகிச்சையைவிட மேம்பட்டதாக இல்லை என்று காட்டின. கருவியை விற்பவர்கள் இத்தகைய ஆய்வுக்குப் பணம் தருவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. பொது நிதியிலிருந்துதான் தர வேண்டும். பலனற்ற சிகிச்சைக்கு ஆண்டுதோறும் செலவாகும் தொகையோடு ஒப்பிட்டால் அது சிறிய தொகைதான்.

ஆகவே வாசகர் தம் தாயாரின் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை சில: சோதனை ஊசி எத்தனை முறை போடப்படும், அப்போது வலி எவ்வளவு குறைந்தால் சிகிச்சைக்குத் தகுதி என்று முடிவு செய்வார், ஊசி நரம்புக்கு இணையாக வைக்கப்படுமா. சிகிச்சைக்குப் பின் ஓரிரு வாரங்களுக்கு அந்த இடத்தில் எரிச்சலோ புது வலியோ இருப்பது இயல்பு. இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியிருந்தால் அதையும் கட்டாயம் தெரிவிக்க வேண்டும்: மின்னோட்டம் ஊசியிலிருந்து தகட்டுக்குச் செல்வதால், பேஸ்மேக்கர் அந்தப் பாதையில் குறுக்கிடாதபடி தகட்டை ஒட்டும் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும்.