வாயில் புண் இல்லை என்று இருந்துவிடாதீர்கள்

பினாங்கில் இரைப்பை, குடல் நோய்களுக்குச் சிகிச்சை அளித்துவரும் எனக்கு மிகுந்த வேதனை தருவது, சிங்க் அடைப்பை நீக்கும் காரத்தையோ கழிவறை கழுவும் அமிலத்தையோ தண்ணீர் என்று நினைத்து விழுங்கியவர்களின் வெந்துபோன உணவுக்குழாய். பெரிய கலனில் வாங்கிய திரவத்தைக் காலியான மினரல் வாட்டர் போத்தலில் ஊற்றி அடுப்படியில் வைக்கும் வழக்கத்தைத் தயவுசெய்து இன்றே நிறுத்துங்கள். தவழும் குழந்தைக்கும், இரவில் விளக்குப் போடாமல் தாகத்துக்குக் கைநீட்டும் முதியவருக்கும் அது தண்ணீர்தான்.

அமிலம் பட்ட இடத்தில் புரதம் உறைந்து பொருக்காகப் படிவதால், அது மேலும் ஆழமாக இறங்குவது ஓரளவு தடைபடும். சோடியம் ஹைட்ராக்சைடு போன்ற காரமோ திசுவின் கொழுப்பையும் புரதத்தையும் கரைத்துக்கொண்டே உள்ளே இறங்கி, சில வேளைகளில் குழாயின் சுவரையே துளைத்துவிடும். வாயில் புண் இல்லாததால் உள்ளேயும் காயம் இராது என்று முடிவுகட்ட முடியாது. எச்சில் ஒழுகுவது, விழுங்க மறுப்பது, குரல் கம்முவது, நெஞ்சு வலிப்பது ஆகியவற்றைக் கவனியுங்கள்.

பதற்றத்தில் பலர் உப்புநீர் கொடுத்தோ, தொண்டையில் விரலை விட்டோ வாந்தி எடுக்க வைக்கிறார்கள். இறங்கும்போது ஒருமுறை சுட்ட திரவம் ஏறும்போது மறுபடியும் சுடும், நுரையீரலுக்குள்ளும் புகக்கூடும். காரத்தை முறிக்க எலுமிச்சைச் சாறு கொடுப்பதும் கூடாது. வாயைக் கொப்பளிக்கச் செய்து, திரவம் பட்ட உடையைக் களைந்து, அதன் போத்தலையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். 999 எண்ணை அழையுங்கள். நம் பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய நச்சு மையமும் ஆலோசனை வழங்குகிறது.

காயத்தின் ஆழத்தை அறிய, பொதுவாக முதல் 24 மணி நேரத்துக்குள் எண்டோஸ்கோப்பி (கேமரா பொருத்திய குழாயை வாய்வழியே செலுத்திப் பார்க்கும் பரிசோதனை) செய்கிறோம். வேண்டுமென்றே குடித்தவர் என்றால், உடற்காயத்துக்கு இணையாக மனநல மருத்துவரின் துணையும் அவருக்கு வேண்டும், அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள்.

குடும்பத்தினர் அதிகம் ஏமாறுவது அதற்குப் பிறகுதான். வலி அடங்கி, கஞ்சி இறங்கத் தொடங்கியதும் குணமாகிவிட்டது என்றெண்ணி மறுபரிசோதனைக்கு வராமல் இருந்துவிடுகிறார்கள். ஆனால் ஏறத்தாழ 3 வாரங்களுக்குப் பிறகே தழும்பு இறுகி உணவுப்பாதை சுருங்கத் தொடங்கும்; பலூன் வைத்து அதை மாதக்கணக்கில் பலமுறை விரிக்க வேண்டியிருக்கலாம். அந்தத் தழும்பில் பல பத்தாண்டுகள் கழித்துப் புற்றுநோய் தோன்றும் வாய்ப்பும் கூடுதலாக இருப்பதால், சிறு வயதில் இப்படி விழுங்கியவருக்கு நடுத்தர வயதில் உணவு இறங்கச் சிரமமானால், அந்தப் பழைய சம்பவத்தை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள்.